ஒழுகும் பெட்டியில் முட்டைகள்

மதியம் சாய்ந்த வெயில் கடல்நீர் மீன்தொட்டிக்குள் இறங்கிச் சுவரெல்லாம் நெளிகிறது, மக்களே. தொட்டியில் மிஞ்சும் நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்குவதற்காக விளிம்பில் மாட்டிய பெட்டி, வெளிமூலையில் ஒழுகுகிறது. கசிந்த வழியெல்லாம் உப்பு பூத்திருக்கிறது. சாலைக் கடையில் வாங்கிய பசைக்குழாயோடு சுவாமிதாஸ் பெட்டியைக் கழற்றப் போகிறார். மனைவி தங்கபாய் கையைப் பிடிக்கிறாள். "நில்லுங்க. உள்பக்கம் பாருங்க." நீருக்குள் இருக்கும் பக்கத்தில் ஆரஞ்சு மணிகளாய் முட்டைகள். ஒரு கோமாளி மீன் செட்டையால் அவற்றை விசிறிக்கொண்டிருக்கிறது. "கழட்டாம ஒட்ட முடியாதுடி. தரையெல்லாம் உப்புத்தண்ணி." "பேறுகாலம் உள்ள வீட்டுல ஆணிகூட அடிக்கப்பிடாது. இவரு பெட்டியைப் பிடுங்கப் போறாரு!" "அது மனுசருக்காக்கும்." சொல்லிக்கொண்டே அவர் பெட்டியைத் தொட, மீன் பாய்ந்து விரலைக் கடிக்கிறது. "கடிக்கட்டு. அவனாக்கும் தகப்பன்," என்று தங்கபாய் சிரிக்கிறாள். விரலை உதறியபடி சுவாமிதாஸ் பசைக்குழாயை ஜன்னல்படியில் வைக்கிறார். அடுக்களையிலிருந்து ஒரு சட்டியை எடுத்துவந்து ஒழுகும் மூலைக்கு அடியில் நகர்த்துகிறார். சட்டி நிறையும்போதெல்லாம் கீழ்த்தொட்டியில் ஊற்றிக்கொள்ளலாம். டொக், டொக்கென்று நீர் விழுகிறது. தங்கபாயின் சிரிப்பு நிற்கிறது. "அய்யோ, எனக்க ஆப்பமாவுச் சட்டியாக்கும் அது!" அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு மீனுக்கு எதிரே உட்காருகிறார். "பேறுகாலமல்லா, பொறுத்துக்கோடி."