பின்மூடிக்கு ஒரு எழுத்து

“பின்மூடியில ஓட்டை போட்டுட்டா போட்டதுதான் டில்மான். புதுப் பெயிண்ட் வேற. நல்லா யோசிச்சுக்கோ,” என்றார் பேக்கரிக்கார ஓய்கன்.

டில்மான் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தான். இடுப்பு வலியோடு குனிந்து ஏற முடியவில்லை என்று ஹில்ட்ரூட் அத்தை தன் பழைய போர்ஷே 911 காரை அவனுக்கே கொடுத்துவிட்டாள். வெள்ளி நிறம், 1970-ஆம் வருட வண்டி. முன்பக்கத்துக் குதிரைச் சின்னம் வெளிறிக் கிடந்தது. புதிதாக மாட்டும் சின்னத்தில் பட்டை சிவப்பா ஆரஞ்சா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, அந்தக் காலத்து வண்டிக்கு ஆரஞ்சுதான் என்று மாட்டியும் ஆயிற்று. பாக்கி இருந்தது எஞ்சினை மூடும் பின்மூடி.

அது மொட்டை. என்ன மாடல் என்று சொல்லும் எழுத்து வேண்டாம் என்று வாங்கும்போதே சொல்லிவிட்டால், ஒட்டாமலே கொடுத்துவிடுவார்கள். கிர்ஹைம் ஊரில் மொட்டை வண்டி என்றால் S தான், இருப்பதிலேயே வலுத்த எஞ்சின். இருக்கிறவன் காட்டிக்கொள்ள மாட்டான் என்பது ஊர் நியாயம். உள்ளே என்ன எஞ்சின் என்று ஒருவரைக் கேட்பது, சம்பளம் கேட்பதைவிட மரியாதைக் கேடு. யாரும் கேட்டதில்லை. மருந்துக்கடை நடத்திய ஹில்ட்ரூட் அத்தைக்கு ஊரிலேயே வேகமான பெண் என்ற பெயர் இன்றைக்கும் உண்டு.

போன வாரம் எஞ்சினில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கைத் தேய்த்து, அடியில் பொறித்த எண்ணைப் படித்தான் டில்மான். S இல்லை. T. இருப்பதிலேயே இளைத்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கார் சங்கத்தின் காலைச் சாப்பாடு. அவனைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று சங்கத்து மூத்தவர்கள் முடிவு செய்யப்போகிற நாள். சேர்த்துக்கொண்டால்தான் அடுத்த மாத மலையேற்றக் கார் ஓட்டத்தில் அவன் ஓட்ட முடியும். பேக்கரி ஓய்கன், பல் டாக்டர் ஹார்ட்முட், கூரை ஓடு விற்கும் வெண்டலின், மூவரும் ஒரே மேசையில். அவர்களுடைய மூன்று வண்டிகளும் வெளியே வரிசையாக, மொட்டைப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

டில்மான் நடந்ததைச் சொல்லி, பையிலிருந்து 911 T என்ற உலோக எழுத்தை எடுத்து, வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்தது. மூடியில் துளை போட்டுச் செருகும் பின்பக்க முள்கூட ஒடியாமல் இருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

ஓய்கனுக்கு அடுத்து ஹார்ட்முட் வாயைத் திறந்தார். எழுத்தில்லாமல் வெளியே வந்த வண்டிக்கு எழுத்தை ஒட்டினால் அசல் கெட்டுப்போகும் என்று நெடுநேரம் விளக்கினார். டில்மானுக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனாலும் விடவில்லை.

“எழுத்து இல்லாதது பொய் இல்ல மாமா. ஊரே S-னு நம்புறப்ப நான் வாயை மூடிக்கிட்டு ஓட்டுறேன் பாருங்க, அது பொய்.”

வெண்டலின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்தார்.

“உங்க அத்தையை நினைச்சுப் பாத்தியா? இந்த வயசுல அந்த மனுஷி கடைத்தெருவுல தலை காட்ட முடியுமாடா?”

ஓய்கன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். டில்மான் திகைத்துப்போனான். விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அத்தையை ஆண்டுக்கணக்கில் கேலி செய்வார்கள் என்று பயந்துதான் வந்திருந்தான். இவர்களோ, விஷயம் இந்த மேசையைத் தாண்டாது என்று சத்தியம் செய்கிறார்கள். மூடியை மொட்டையாகவே விட்டால் இன்றிலிருந்தே அவன் சங்கத்து ஆள், மலையேற்றத்தில் முதல் வண்டி அவனுடையது என்றும் சொல்லிவிட்டார்கள். ஒட்டினால், வேறு சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாளைக் காலையில் பெயிண்ட் கடைக்காரர் துளை போட வருவார், அதற்குள் சொல்கிறேன் என்று கிளம்பினான். ஒரு பெண்ணின் மானத்துக்காக இவ்வளவு உருகுகிற மனிதர்களா என்று வழியெல்லாம் ஆச்சரியம்.

நேராக அத்தை வீட்டுக்குப் போனான். அவள் அடுப்படியில் உருளைக்கிழங்கு சாலட் கிளறிக்கொண்டிருந்தாள். வண்டி T என்று தனக்குத் தெரிந்துவிட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அத்தைக்கு அதிர்ச்சியே இல்லை. சங்கத்தில் காட்டினாயா, யார் யார் இருந்தார்கள், முகம் எப்படிப் போயிற்று என்று துருவித் துருவிக் கேட்டாள்.

“ஓய்கன் மாமா அழுதே போயிட்டாரு அத்தை. உன்மேல அவ்வளவு மரியாதை.”

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அழாம என்ன பண்ணுவான்? நாலு வண்டியா சேத்து எடுத்தா தள்ளுபடின்னு அன்னைக்கு அந்த மூணு பேரும் நானும் ஒண்ணாத்தான் போனோம். நாலும் T தான், எழுத்தே வேண்டாம்னு சொல்லிடுவோம்னதே அவன் யோசனைதான். நீ ஒட்டுனா, மத்த மூணையும் திறந்து காட்டுங்கடான்னு ஊரே போய் நிக்குமே.”

காலையில் துளைபோடும் கருவியோடு ஆள் வந்துவிடுவார். டில்மான் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்த எழுத்தை ஒட்டுவீர்களா, மாட்டீர்களா?