அளவு சேராத செருப்பு

கோவில்பட்டி கோர்ட்டு வராந்தாவில் டைப் அடிக்கும் சத்தம் விடாமல் கேட்கிறது. ரேணுகாதேவியின் மடியில் மகள் உறங்குகிறாள். பிரிந்துபோன கணவன் சுந்தரபாண்டி, கிழிந்த சட்டையோடு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, சமரசம் பேச வந்த வக்கீலிடம் சொல்கிறான்: "தீப்பெட்டி ஆபீஸ்ல தினக்கூலி, சார். பிள்ளைக்கு மாசம் நூறு ரூவாதான் குடுக்க முடியும்." அவன் மணிக்கட்டில் கடிகாரம் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. தைத்துத் தைத்துப் போட்ட பழஞ்செருப்புக்கு வெளியே குதிகால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரேணுகாதேவி அதையே பார்க்கிறாள். வக்கீல் தொகையை எழுதப் பேனாவைத் திறக்கிறார்.

"எழுதாதீய, சார்," என்கிறாள், குழந்தை விழித்துவிடாத குரலில். "இவிய கால்ல கெடக்கது இவிய செருப்பு இல்ல. யாருகிட்டயோ எரவல் வாங்கி மாட்டிட்டு வந்திருக்காவ."

சுந்தரபாண்டி கால்களை மெல்ல பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறான். வக்கீல் குனிந்து பார்க்கிறார்.