பலூனைப் பற்றி உங்கள் ஊகம்

கடலுக்கு மேலே அந்தப் பலூன் வந்து நின்றதிலிருந்து, அது எந்த நாட்டின் உளவுப் பலூன் என்று அரசாங்கம் தினமும் காலையில் வீட்டுக்கு வீடு போன் செய்து கேட்கிறது. ஊகம் சொல்லாத வீட்டுக்கு ரேஷன் கிடையாது. மக்களாட்சி அவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது.

மீன்பிடிக்கப் போன கணவன் சூசை கரை திரும்பாததால், அமலோற்பவம் சில நாளாகப் போனை எடுக்கவில்லை. ஊகத் துறையிலிருந்து இளம்பரிதி நேரிலேயே வந்துவிட்டார்.

“பலூன் யாருதுன்னு நெனைக்கிறீங்கக்கா? சும்மா மனசுல பட்டதச் சொல்லுங்க.”

“யாருதா இருந்தா என்ன தம்பி. அம்புட்டுக் கடலும் அதுக்குத் தெரியுமாமில்ல. எங்க வீட்டுக்காரரு வள்ளத்தப் பாத்துச்சான்னு அதுட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“அதுட்ட நாம பேசுறதில்லக்கா. அதப் பத்திப் பேசுறதோட சரி.”

இருந்தாலும் விஷயத்தை மேலிடத்துக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். சொன்னார். மேலிடமும் உடனே நடவடிக்கை எடுத்தது.

மறுநாள் காலை ஊர் முழுக்கப் போன் அடித்தது. அமலோற்பவமும் எடுத்தாள்.

“சூசையின் வள்ளம் என்ன ஆகியிருக்கும்? மூழ்கியிருந்தால் ஒன்றை அழுத்தவும். வேறு கரையில் ஒதுங்கியிருந்தால் இரண்டை அழுத்தவும்.”

வீட்டில் அரிசி இல்லை. அவள் இரண்டை அழுத்தினாள்.

“உங்கள் ஊரில் பெரும்பாலானோர் ஒன்றை அழுத்தியிருக்கிறார்கள்,” என்றது அந்தக் குரல், மிகவும் மரியாதையாக. “உங்கள் ஊகத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?”