பதில் எழுதியது யார்

இருபது ஆண்டுகள் கழித்து, பாளையங்கோட்டையில் தான் படித்த பள்ளியின் பழைய மாணவியர் சந்திப்புக்கு வந்த பூரணி, கூட்டத்தில் தோழி ஜெசிந்தாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, உன் மவன் இப்ப என்ன படிக்கான்?"

ஜெசிந்தாவின் கைகள் விலகின. "அவன் தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சே. தெனமும் நீதானட்டி எழுதி எழுதி என்னைத் தேத்துன?"

தோழிகளின் செய்திகளுக்கெல்லாம் தன்னைப் போலவே பதில் எழுதும் வேலையை பூரணி எப்போதோ போனிலிருந்த ஏ.ஐ. செயலியிடம் விட்டிருந்தாள். நேரமில்லை என்பதுதான் காரணம். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை.

"அது நான் இல்ல ஜெசி. போன்தான் எழுதிருக்கு. நான் ஒண்ணையும் வாசிக்கல." தோழியின் கையைப் பிடித்தாள். "இப்ப சொல்லுட்டி. நான் கேக்கேன்."

ஜெசிந்தா கையை விடுவித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அதுட்ட சொல்லிட்டேன் பூரணி. திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

எல்லோரையும் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா போனாள். பூரணி ஒரு காலி வகுப்பறைக்குள் போய், அந்த மூன்று வருடச் செய்திகளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். வெளியே அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் இன்னும் முதல் வாரத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.