இருக்கிறதிலேயே மட்டமான ஃபில்டர்

“மீன் தொட்டித் தண்ணியைச் சுத்தம் பண்ற கேனிஸ்டர் ஃபில்டர், இருக்கிறதிலேயே விலை குறைஞ்சதா ஒண்ணு குடுங்க” என்றான் அவன், கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக.

கடைக்காரர் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கசங்கிய சட்டை, மூன்று நாள் தாடி, தூக்கம் கெட்ட கண்கள். மீன் வளர்க்கிற முகமா அது? மீனைப் பொரித்துத் தின்கிற முகம்.

அவன் பார்வையைத் திருப்பினான். திருப்பிய பக்கம் கண்ணாடிக் கதவு. அதில் அந்த நோட்டீஸ். டாக்டர் வீட்டு அரவானா மீன் நாலு நாள் முன்பு திருட்டுப் போன கதையும், துப்புக் கொடுத்தால் சன்மானம் என்ற அறிவிப்பும் கொட்டை எழுத்தில் இருந்தன. ஒரு கார் விலை பெறும் மீனாம். மனுஷன் காணாமல் போனால்கூட இப்படி ஊரைக் கலக்கித் தேடுவார்களா? எரிச்சலோடு நோட்டீஸுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

எரிச்சல் படக்கூட அவனுக்கு நேரமில்லை. வேலையை ஒப்படைத்தவர் காலையில் போனில் கத்தியது இன்னும் காதில் இரைந்துகொண்டிருந்தது. “மீன் உயிரோட வேணும். செத்துப் போச்சு, நீ தொலைஞ்சே!”

“எவ்வளவு பெரிய தொட்டி?” என்றார் கடைக்காரர்.

“சரியாத் தெரியலைங்க. நாலடி இருக்கும்.”

“என்ன மீன்?”

“பேரு தெரியாது. ரெண்டடி நீளம்.”

“பேரு தெரியாம ஒரு மீனா? எங்க வாங்கினீங்க?”

“வாங்கலை” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “வேற ஒருத்தரோடது. கொஞ்ச நாள் நம்மகிட்ட இருக்கும். அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும். பில்லெல்லாம் வேண்டாம்.”

கடைக்காரர் அடித்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து, செத்த எலியை வைப்பதுபோல் மேஜைமேல் வைத்தார். வளர்ப்பு மீன் கடைக்காரர்களில் பாதிப் பேர் வியாபாரிகள், மீதிப் பேர் பிரசங்கிகள். இவர் இரண்டாவது ரகம்.

“நீங்க கேட்ட அழகு இதுதான். பெட்டியில மணிக்கு ஆயிரம் லிட்டர்னு போட்டிருக்கான். உள்ள பஞ்சை வச்சு, குழாயை மாட்டி, தண்ணியை மேல ஏத்திப் பாருங்க, நானூறு தாண்டாது. இந்த ரப்பர் வளையம் இருக்கே, ஒரே மாசத்துல தொளதொளன்னு ஆயிடும். அப்புறம் தண்ணி பூரா உங்க தரையிலதான். ரெண்டடி மீன் போடற கழிவுக்கு இது எந்த மூலைக்கு?”

“பரவாயில்லைங்க, கட்டுங்க.”

“என்ன பரவாயில்லை? மீன் செத்துடும்யா!” மரியாதை காற்றில் பறந்தது. “உன்னை மாதிரி ஆளுங்களாலதான்யா இதுங்க சாகுது. மீனுக்குப் பணம் இருக்கும், தொட்டிக்குப் பணம் இருக்கும், ஃபில்டர்னா மட்டும் கை சுருங்கிடும். உன் பிள்ளையைச் சாக்கடைத் தண்ணியில குளிப்பாட்டுவியா?”

“மீன்தானே?” என்றான் அவன்.

அவ்வளவுதான். கடைக்காரர் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கி மூலையில் எறிந்தார். அவனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகப் போய்க் கதவைத் தாழ்போட்டார்.

“உள்ள வா.”

“எதுக்குங்க?”

“வான்னா வா!”

கண்டுபிடித்துவிட்டாரா மனுஷன்? வலது கை தானாகச் சட்டைக்கு அடியில் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டது. அவர் பின்னால் போனான்.

கிடங்கு அறையில் கடைக்காரர் ஒரு திரையை விலக்கி விளக்கைப் போட்டார். ஆறடித் தொட்டி. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. நடுவில் ஒரு வெள்ளி மீன் மந்திரி தோரணையில் மெதுவாகத் திரும்பியது.

“பாரு, நல்லாப் பாரு. ஃபில்டர்னா இதான். கீழ ரெண்டு ஓடுது, சத்தம் கேக்குதா? இந்தத் தொட்டி வச்சு நாலே நாள்தான் ஆகுது. புதுத் தொட்டியில தண்ணி இப்படி நிக்குமா? எவனாலயும் முடியாது. ஏன்னா எந்த மடையனுக்கும் விஷயம் தெரியாது!”

“என்னங்க விஷயம்?”

கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு நாளாக யாரிடமும் சொல்ல முடியாமல் வெடித்துவிடுகிற நிலையில் இருந்தார் போலிருக்கிறது. அதிலும் எதிரே நிற்பது மீனின் பெயர்கூடத் தெரியாத ஜென்மம்.

“அழுக்குப் பஞ்சுலதான்யா உயிரே இருக்கு. தண்ணியைச் சுத்தம் பண்ற நல்ல கிருமியெல்லாம் அதுலதான் குடியிருக்கு. மீனை மட்டும் இடம் மாத்தினா தாங்காது. அதோட பழைய ஃபில்டர் பஞ்சையும் கூடவே எடுத்துட்டு வரணும். நான் மறக்காம எடுத்துட்டு வந்தேன். முன்னாடி வச்சிருந்தவனுக்கு இதோட அருமையே தெரியலை.”

“எங்கேருந்து எடுத்துட்டு வந்தீங்க?” என்று கேட்டான் அவன், மிகச் சாதுவாக.

கடைக்காரர் சட்டென்று திரையை இழுத்து மூடினார்.

டாக்டர் வீட்டில் மீனோடு அழுக்குப் பஞ்சும் காணாமல் போன செய்தி எந்த நோட்டீஸிலும் இல்லை. டாக்டருக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், எடுத்தவனுக்குத் தெரியும். பஞ்சையும் மறக்காமல் எடுத்தவன் மீன் சாகப் பொறுக்கமாட்டான் என்பதுதான் கணக்கு.

அந்த மட்டமான ஃபில்டரைக் காலையிலிருந்து ஆறு கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மீன் செத்துவிடும் என்று விற்க மறுத்த ஒரே யோக்கியனின் கையில்தான் மூன்று நாள் தாடி இன்ஸ்பெக்டர் தன் இடுப்பிலிருந்து எடுத்த விலங்கை மாட்டினார்.