கடிகாரத்தின் கீழ் ஹாடோ குடும்பத்து இடம்

மழை விட்ட காலை. லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிராமத்து ரயில் நிலையத்தில் அவரவர் வழக்கமான இடத்தில், ரயில் கதவு வந்து நிற்கும் இடம் பார்த்து, பேசாமல் நிற்கிறார்கள். கடிகாரத்தின் கீழே உள்ள இடம், ஸ்டேஷன் கட்ட நிலம் கொடுத்த ஹாடோ குடும்பத்துக்கு உரியது. அங்கே அந்தக் குடும்பத்து மகன் ரூபர்ட் நிற்கிறான். அவனுக்கு வேலை போய் இரண்டு மாதமாகிறது, ஊருக்கே தெரியும். அவனை வழியனுப்ப வந்து விறைப்பாக நிற்கும் அப்பா லயனல், மகனின் டையை இறுக்கிவிடுகிறார். "அப்பா, காய்ச்சலா இருக்கு. லண்டன் போயி பார்க் பெஞ்சுலதானே உக்காரப் போறேன்? இன்னிக்கு வீட்டுலயே இருந்துடறேனே." "இந்த நேரத்துல நம்ம குடும்பத்து ஆம்பளைங்க யாரும் வீட்டுல இருந்ததில்ல. பெட்டிய நேராப் பிடி." பெட்டிக்குள் ஒரு சாண்ட்விச் மட்டும் இருக்கிறது. தண்டவாளம் அதிரத் தொடங்குகிறது. பக்கத்து இடத்துக்காரர் ப்ரூவெட் செய்தித்தாளை மடிக்கிறார். "என்னப்பா ரூபர்ட், மூஞ்சி வாடிக் கெடக்கு? ஆபீஸ்ல உன்னைப் பிழிஞ்செடுக்கறாங்களோ?" நாலைந்து பேர் குனிந்து தங்கள் ஷூவைப் பார்த்தபடி சிரிப்பை விழுங்குகிறார்கள். ரூபர்ட் வாயைத் திறக்குமுன் லயனல் பதில் சொல்கிறார்: "பின்ன? இவன் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாது. இன்னிக்குக் கடைசி ரயில்லதான் வருவான்." ரயில் வந்து நின்று கதவு திறக்கிறது. ரூபர்ட் கண் சிவந்து அப்பாவையே பார்க்கிறான். லயனல் தொப்பியைத் தொட்டு, ப்ரூவெட்டுக்கு மட்டும் விடைகொடுக்கிறார்.