எழுதிக்கொடுத்த பேச்சு

தூத்துக்குடி ராப் பாடகன் பெனிட்டோ, தனக்குப் பேர் வாங்கித் தந்த ஊர்ப்பேச்சை ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டான். இனி அந்தப் பேச்சில் இயந்திரம்தான் பாடும். அவன் வாய்தவறி 'ஏலே' என்றாலும் மணிக்கட்டில் கட்டிய பட்டை அலறும். மீன் கடையில் ஒருமுறை அலறிவிட்டது. இன்னொருமுறை அலறினால் ஒப்பந்தம் ரத்து, பணமும் போய்விடும்.

பிரசவ வார்டில் மகளைக் கையில் வாங்கியவன், "வணக்கம் மகளே, தங்கள் வருகையால் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்றான்.

மனைவி ஜெசிந்தா வலியோடு சிரித்தாள். "பிள்ளை என்ன, கொடியேத்தவா வந்துருக்கு?"

குழந்தை வீறிட்டு அழுதது. பெனிட்டோவால் தாங்க முடியவில்லை. குனிந்து, "ஏட்டி, அழாதட்டி. அப்பா இருக்கேம்லா" என்று தாளத்தோடு பாடினான்.

பட்டை அலறியது. குழந்தையோ அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தது.

"இத்தன வருசத்துல நான் பாடி, வாய மூடிக் கேட்ட மொத ஆளு இவதாம்ட்டி" என்றான் ஜெசிந்தாவிடம்.